அண்ணா, அந்த மோட்டாரில் இப்போது எண் இல்லை

நான் கோபித்துக்கொண்டால் தேங்காய் பன் வாங்கிவந்து சமாளிக்கும் என் அண்ணாவுக்கு,

இந்த முறை பன் எடுபடாது. கோபம் சித்தப்பா மேல் பாதி, அந்தச் சேலத்துக்காரர் மேல் பாதி என்றுதான் நினைத்திருந்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் உன் மேலும் கோபம் இருக்கிறது என்று தெரிகிறது.

அந்த அமெரிக்கக் காரின் இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைப் பற்றித்தான். லாரி மோட்டார்களையே பார்த்துப் பழகிய நம் நாமக்கல் பட்டறைக்கு அது வந்த நாளில் நீ மதியம் சாப்பிடக்கூட வீட்டுக்கு வரவில்லை. அறுபதுகளில் செய்த எட்டு சிலிண்டர் கார். இன்ஜின் சூடாகிவிட்டால் செல்ஃப் எடுக்காது, ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சின்ன மோட்டார் மாட்டுங்கள் என்றுதான் எல்லோரும் காரின் சொந்தக்காரரான அந்தச் சேலத்துக்காரரிடம் சொல்லியிருந்தார்கள். நீ மட்டும், "காரோட பொறந்ததுங்க. அதையே எடுக்க வெச்சுத் தாரேன்" என்றாய்.

ஏழு மாதம். கையேடு ஆங்கிலத்தில் இருந்ததால் ஞாயிறுதோறும் நான் படித்துச் சொன்னேன். நீ உள்ளே இருந்த காயில்களை அவிழ்த்து, பட்டைச் செம்புக் கம்பியை வளைத்து, பருத்தி நாடா சுற்றினாய். நாவலில் யாரோ செத்ததற்கு இரண்டு நாள் அழுதவள் இதைப் படிக்கும்போது மட்டும் கொட்டாவி விடுகிறாளே என்று கேலி செய்தாய். கழுவுவதற்கு முன் மோட்டார் உடம்பில் குத்தியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னது கையேடு. நீ பேனா தேடிக்கொண்டிருந்தாய். நான் போனில் படம் எடுத்துவிட்டேன். எண்ணும், செய்த தேதிக்கான குறியும் அதில் தெளிவாக இருக்கின்றன. அதுதான் இதன் பிறப்புச் சான்று என்று சொன்னவன் நீ.

நீ போன அன்று காலை, மோட்டாரை நன்றாகச் சூடேற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாய். சுற்றியதாம். உன் குரலே வேறு மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அதைக் கொண்டுபோய் எங்கே வைத்தாய்? வேலை முடிந்த லாரி மோட்டார்களை வைக்கும் மேல் தட்டில்.

மேல் தட்டுக்கு வந்த மோட்டாரைச் சித்தப்பா ஒரு கேள்வி கேட்கமாட்டார். கிரைண்டர் பிடிப்பார், சில்வர் பெயிண்ட் அடிப்பார், நம் பட்டறை எழுத்தைக் குத்துவார். கேரண்டி என்று திரும்பி வரும் லாரிக்காரருக்கு அந்த எழுத்துதானே அடையாளம்? இது உனக்குத் தெரியாதா? ஒரு அட்டையில் ‘தொடாதீர்கள்’ என்று எழுதிக் கட்டியிருக்கக் கூடாதா? மதியமே நெஞ்சு வலி வரும் என்று யார் கண்டது என்பாய். சரிதான். சரி என்று தெரிந்தும் கோபம் போகமாட்டேன் என்கிறது.

காரியமெல்லாம் முடிந்து பட்டறையைத் திறந்ததும் சித்தப்பா எடுத்த முதல் வேலை அதுதான். எண் இருந்த இடத்தைச் சுத்தமாக வழித்துவிட்டு, பட்டறை எழுத்துக்குப் பதில் உன் பெயரை முழுசாகக் குத்தி வைத்திருந்தார். "அவன் கடைசியாத் தொட்டது, சாமி. அதான் அவம் பேரையே போட்டேன்" என்று அழுதார். அவரை என்ன சொல்ல முடியும்?

நான் கத்தியது மறுநாள். அசல் எண் இருந்தால்தான் பழைய காருக்கு மதிப்பு என்று யாரோ சொல்லித் தெரிந்ததும் என்னிடம் வந்தார். "உன்ற போன்ல போட்டா இருக்குதில்ல, குடு சாமி. பேரை அழிச்சுப்போட்டு அந்த நம்பரையே மறுக்கா குத்தீரலாம். பட்டறைக்குக் கெட்ட பேரு வரக்கூடாது பாரு."

உன் பெயரை அழித்துவிட்டுப் பொய்யைக் குத்துவாராம். தரமாட்டேன் என்றேன். படிச்ச புள்ளைக்கு ஊட்டு மானம் தெரியலையே என்றார். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

மோட்டாரைச் சாக்கில் சுற்றி நானே சேலம் பஸ்ஸில் ஏறினேன். மடியில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னுங்க அம்மிணி, பலாப்பழமா?" என்றார் கண்டக்டர். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் கால் மரத்துப்போனது.

அம்மாபேட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது சேலத்துக்காரருடைய ஷெட். உடனே மாட்டச் சொன்னார். காரை வெயிலில் ஒரு சுற்று ஓட்டிவந்து, அணைத்து, சாவியைத் திருப்பினார். எடுத்தது, அண்ணா. இன்ஜின் கொதிக்கக் கொதிக்க, முதல் திருப்பிலேயே எடுத்தது. அவர் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அப்புறம்தான் நடந்ததைச் சொன்னேன். டார்ச் அடித்துக் கீழே குனிந்து பார்த்தார். எழுந்து வெளியே போய்ச் சித்தப்பாவுக்குப் போன் செய்துவிட்டு வந்தார்.

"போட்டா உங்ககிட்ட இருக்குதுன்னு சித்தப்பா சொன்னாருங்க. அச்சு அசலாக் குத்தற ஆள் இருக்காருங்க. இதுல யாருக்கு என்ன நட்டம், சொல்லுங்க?"

"மோட்டார் எங்கண்ணன் சரி பண்ணுனதுங்க. நம்பர் பொய்யுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்க வேண்டாமுங்க."

"எடுக்குதில்லீங்க, அது உங்கண்ணன் வேலை. நம்பரு பாக்க வாரவங்களுக்கு. நீங்க தராட்டிப் பரவால்லீங்க, ஏதோ ஒரு நம்பர் போட்டுக்கறேன்."

எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் தெரியுமா? அந்த மரியாதைதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அசலே வேண்டும் என்று உன் ஏழு மாதத்தை வாங்கியவர், அசல் மாதிரி தெரிந்தால் போதும் என்கிறார். திரும்பும் வழியில் படத்தைத் திறந்து, அனுப்பும் பொத்தான் வரை விரலைக் கொண்டுபோனேன். பொய்யென்றாலும் அது சரியான எண்ணாகவாவது இருக்கட்டுமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதற்காக என் மேலும் கோபம்.

என் சொந்தப் படத்தைக்கூட எங்கும் போடாதவள் நான். உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் இதை நாலு பேர் படிக்க எழுதுகிறேன் என்றால், எனக்கு வேறு வழி இல்லை. பழைய கார் கண்காட்சியில் அந்தக் காருக்கு அடியில் குனிபவர்கள் தெரிந்துகொள்ளட்டும்: அது காரோடு வந்த மோட்டார்தான். காயில் என் அண்ணன் சுற்றியது. எண்ணை அழித்தது எங்கள் பட்டறை. இனி அதில் ஒரு எண் தெரிந்தால், அது நீ போன பிறகு குத்தியது.

படத்தை அழிக்கமாட்டேன், யாருக்கும் தரவும் மாட்டேன். சித்தப்பா என்னோடு கடைசிவரை பேசாவிட்டாலும், யார் வந்து கேட்டாலும், இதையேதான் சொல்வேன்.

கோபம் தீராமல்,
உன் கூடப்பிறந்தவள்