ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தது யார்?

இன்று காலை மறுபடியும் ஒரு படிவம் வந்திருக்கிறது. கொழும்பிலிருந்து மின்னஞ்சலில். அமைப்பு வேறு, கேள்வி அதேதான்: உங்கள் பகுதியில் உள்ள யூஎக்ஸ் வடிவமைப்பாளர்களின் தேவைகள் எவை? கீழே ஏழு பெட்டிகள். பயிற்சி, சான்றிதழ், மென்பொருள், மடிக்கணினி என்று வரிசையாகப் போய், கடைசிப் பெட்டியில் ‘வேறு’ என்று போட்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரேயொரு வரி எழுதத்தான் இடம்.

சுன்னாகத்தில் என் வீட்டு மேசையில் தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருக்க, நான் அந்த ஒரு வரி இடத்தைப் பார்த்தபடி இருந்தேன். உம்மில் கோபம் வந்தது. செத்துப் பதினாலு மாதமாகிவிட்ட மனிதரோடு காலை எட்டு மணிக்குக் கோபிப்பது நியாயமில்லைதான். என்ன செய்ய, வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

உம்மை எனக்குத் தெரிந்ததே வேலையால்தான். தொலைபேசித் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அதில் என்ன சொல் எழுத வேண்டும், அதைத் தொடுகிறவர் எங்கே தடுமாறுவார் என்று யோசிப்பது எங்கள் தொழில். நான் வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தே செய்கிறேன். நீர் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் செய்தீர். குடாநாட்டில் இந்த வேலை செய்கிறவர்கள் ஆளுக்காள் தெரியாமல் இருக்கிறார்கள், ஒன்று சேர்ப்போம் என்று நாங்கள் இருவரும்தான் தொடங்கினோம். மண்டபம் பிடித்தது, அறிவித்தல் போட்டது, கதிரை அடுக்கியது எல்லாம் நான். நீர் பிந்தி வருவீர். வந்து கடைசி வரிசையில் இருந்து, புதிதாக வந்த யாருடனாவது கதை தொடங்குவீர். முன்னால் நான் முக்கியமான ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

முதல் தடவை இப்படியொரு கேள்வி வந்தபோது அதோடு ஓர் அறையும் வந்தது. உங்கள் ஆட்களின் தேவைகளை அறிந்து அறிக்கை அனுப்புங்கள், தெரிவாகும் ஊருக்கு இணைய இணைப்போடு ஒரு வருடத்துக்கு ஓர் அறையும் அதை நடத்த ஓர் ஆளும் தருகிறோம் என்றார்கள். எனக்கு அந்த அறை வேண்டியிருந்தது. சன்னலோரம் நீளமான மேசை, சுவரில் வெள்ளைப் பலகை என்று மனதில் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுவிட்டேன்.

உடனே இருபத்திரண்டு கேள்விகளோடு ஒரு படிவம் செய்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒன்பது பேர் நிரப்பினார்கள். ஒன்பது பேரும் பயிற்சிப் பட்டறை வேண்டும் என்றார்கள். இவ்வளவு ஒற்றுமையான பதிலைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். இரண்டு நாளில் என் பாதி அறிக்கையை எழுதி முடித்தேன். ஆட்களை நேரில் சந்தித்து எழுத வேண்டிய மற்றப் பாதி உம்முடையது. என்னுடையதை வாசித்துவிட்டு நீர் தலையைச் சொறிந்தீர்.

“உது அவையின்ரை தேவை இல்லை. நீர் குடுத்த பெட்டியளுக்கை நல்லது எது எண்டு பாத்து அடையாளம் போட்டிருக்கினம்.”

“அப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?”

“போய்க் கேப்பம்.”

“இன்னும் பன்ரண்டு நாள்தான் கிடக்கு.”

“காணும்,” என்றீர், அது போதும் என்பதுபோல.

பன்னிரண்டு நாளில் ஐந்து நாளை உம்முடைய மோட்டார் சைக்கிள் தின்றது. அது திருத்தக் கடையிலிருந்து வந்த அன்று புத்தூருக்குப் போனோம், தர்சிகாவைப் பார்க்க. எங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு முறை வந்துவிட்டு, பிறகு வராமல் விட்ட பிள்ளை. வீட்டின் முன்னறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். வெளியே தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர் இரைந்துகொண்டிருந்தது. என்ன தேவை என்று நான் கேட்க, “பயிற்சி வைச்சா நல்லம் அக்கா,” என்றாள். நான் உம்மைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்தீரா என்ற பார்வைதான்.

நீர் அதைக் கவனிக்கவேயில்லை. இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர் என்று அவளைக் கேட்டீர். சந்தையில் மரக்கறி என்ன விலை போகிறது என்று தோட்டக்காரருக்குக் காட்டும் செயலி ஒன்று. திரையைத் திருப்பிக் காட்டினாள். வடிவாகத்தான் இருந்தது.

“அப்பாட்டைக் காட்டினனீரோ?”

அவள் சிரித்தாள். “ஐயோ, அப்பாவுக்கு உது விளங்காது.”

நீர் எழும்பிப் போய்த் தோட்டத்திலிருந்து அவரைக் கூட்டி வந்தீர். காலில் மண்ணோடு வாசலிலேயே நின்று, கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, தர்சிகா செயலியைத் திறந்து நீட்டிய தொலைபேசியை வாங்கிப் பார்த்தார்.

“நல்லாயிருக்குப் பிள்ளை. வடிவாயிருக்கு.”

தர்சிகா கையை நீட்டினாள், வாங்கி வைக்க. நீர் ஒன்றும் பேசாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றீர். அவரும் நின்றார். நானும் நின்றேன். மோட்டர் மட்டும் இரைந்தது. மரியாதையில்லாமல் ஒரு மனிதரை இப்படி நிறுத்தி வைக்கிறாரே என்று எனக்கு உடம்பு கூசியது. போவோம் என்று நான் வாய் திறக்கப்போக, அவர் மெல்லக் கேட்டார்.

“பிள்ளை, இதிலை கிடக்கிறது நேற்றையான் விலையோ, இண்டையான் விலையோ?”

தர்சிகா தொலைபேசியை வாங்கிப் பார்த்தாள். திரையில் எங்கேயும் நாள் இல்லை. நிறுவனத்தில் எத்தனையோ பேர் பார்த்து, சரி என்று சொன்ன திரை அது. அவள் அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் அழவில்லை. “மூண்டு வருஷமா இந்த வேலை செய்யிறன். ஒருத்தரும் எனக்கு இது பிழை எண்டு சொன்னதில்லை,” என்றாள். குறை சொல்கிற குரலில்லை அது. தனியே இருந்து களைத்த ஆளின் குரல்.

திரும்பி வரும்போது, அறிக்கையை மாற்ற வேண்டும் என்றீர். ஒரு வீட்டில் நடந்ததை வைத்துக்கொண்டு எப்படி மாற்றுவது என்று கேட்டேன். “அதுதானே நானும் சொல்லுறன். குழுவிலை இன்னும் பதினொரு பேரைப் பாக்கவேணும்,” என்றீர். உம்மோடு வாதாடினால் இப்படித்தான். என் வாதத்தையே எடுத்து என் தலையில் வைப்பீர்.

கடைசித் திகதி வந்தது. உம்முடைய பாதி வரவில்லை. மூன்று தரம் அழைத்தேன். மூன்றாம் தரம் எடுத்து, “அரைகுறையா எழுதிக் குடுத்தா அரைகுறையா ஒண்டைத் தருவினம்,” என்றீர். என் பாதியை மட்டும் அனுப்பினேன். முழுமையாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அறை வேறு ஊருக்குப் போனது.

அன்று நான் சொன்னது உமக்கு ஞாபகம் இருந்திருக்கும். “உமக்கு உம்மடை நேர்மை பெரிசு. ஆனா அந்த அறையிலை வந்து இருக்கப் போறது நீரோ நானோ இல்லை, உந்தப் பிள்ளையள். நீர் தோற்கடிச்சது அவையளை.” சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தேன். அது பிழை என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஓர் அறை இருந்திருந்தால் தர்சிகா தண்ணீர் மோட்டர் இரைச்சல் இல்லாமல் இருந்து வேலை செய்திருப்பாள். உம்முடைய பதினொரு பேரையும் அந்த அறைக்கே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். இதைச் சொன்னால் நீர் அதற்கும் ஏதாவது சொல்வீர். நீர் பதில் சொல்ல வழியில்லாத இடத்தில் இருக்க, நான் இப்போது வெல்வதும் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று வாரம் கதைக்கவில்லை. இடையில் உம்மிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது, நாலு நிமிடத்துக்கு. யார் கேட்பது என்று விட்டுவிட்டேன். பிறகு மழை. பிறகு டெங்கு. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, இளம் ஆள், நாலு நாளில் வந்துவிடுவார், வந்ததும் கதைப்போம் என்று நினைத்தேன். நாலாம் நாள் உம்மைத் தேவாலயத்துக்குத்தான் கொண்டு வந்தார்கள்.

நான் பின்வரிசையில் இருந்தேன். போதகர் உம்மைப் பற்றி நல்லதாகத்தான் பேசினார். ‘கணினி திருத்துவதில் கெட்டிக்காரர், ஊரில் பலருக்கு உதவியவர்’ என்றார். உம்முடைய அம்மாவும் தலையாட்டினார். பத்து வருடம் செய்த வேலை என்னவென்று வீட்டுக்கே விளங்கப்படுத்தாமல் போன மனிதர், அடுத்தவருக்கு விளங்குகிறதா என்று ஊர் ஊராக அலைந்தவர். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பக்கத்திலிருந்தவர் நான் அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலைத் தந்தார்.

வீட்டுக்கு வந்துதான் அந்தக் குரல்பதிவைக் கேட்டேன். கரவெட்டிக்குத் தனியே போயிருக்கிறீர். வீதியோரம் நின்று பேசியிருக்கிறீர் போல. பாதி காற்று, கால்வாசி நாய் குரைப்பு. வடிவமைப்பாளர் ஒருவர் குரலைப் பதிய ஓர் ஒதுக்குப்புறம் பார்க்கத் தெரியாமல் போனாரே என்று மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்டேன். வதனி என்றொரு பிள்ளையைச் சந்தித்திருக்கிறீர். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வருடமாக இருக்கிறாள், ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. ஏன் என்று கேட்டிருக்கிறீர்.

“ஆறு மணிக்குத் தொடங்கினா எட்டுக்கு முடியும், பிறகு கரவெட்டிக்கு பஸ் இல்லையாம். இதைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு வெக்கமாம். மற்றவை எல்லாரும் வரேக்கை தான் மட்டும் பஸ்ஸைப் பற்றிக் கதைக்கிறதோ எண்டு. ஆறு மணிக்குக் கூட்டம் வைச்சது ஆர்? நாங்கள்தான். இருபத்திரண்டு கேள்வியிலை எத்தினை மணிக்கு வரலாம் எண்டு ஒரு கேள்வி இல்லை. நானும் அந்தப் படிவத்தை வாசிச்சனான், எனக்கும் ஓடேல்லை.” பிறகு உம்முடைய சிரிப்பு. பிறகு நாய். பிறகு, “சரி, வைக்கிறன். கோபம் ஆறினாப்போலை எடும்.”

‘நாங்கள்தான்’ என்றீர். வைத்தது நான் என்று உமக்கு நன்றாகத் தெரியும்.

இதைக் கேட்ட கையோடு நான் ஓடிப் போய் எல்லாவற்றையும் திருத்தினேன் என்று எழுத ஆசைதான். ஒன்றும் செய்யவில்லை. எட்டு மாதம் குழுவில் ஒருவரும் ஒன்றும் போடவில்லை, நானும் போடவில்லை. ஒரு நாள் சுன்னாகம் சந்தையில் தர்சிகா எதிரே வந்தாள், அப்பாவோடு வெங்காயம் கொண்டு வந்தவள். எப்படி இருக்கிறீர் என்று கேட்டேன்.

“இருக்கிறன் அக்கா. என்ன, திரும்பவும் ஏதும் ஃபோம் வந்திட்டுதோ?”

பகிடியாகத்தான் கேட்டாள். எனக்குச் சுட்டது. அவளைத் தெரிந்த காலம் முழுக்க நான் அவளோடு கதைத்ததெல்லாம் ஏதாவது நிரப்பித் தரச் சொல்லித்தான். சந்தை நடுவில் நின்று, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டுக்கு வர முடியுமா, செய்கிற வேலையைக் கொண்டு வாரும், பார்ப்போம் என்றேன். யோசித்துவிட்டு, “வாறன்,” என்றாள்.

முதல் சனிக்கிழமை அவள் மட்டும். அடுத்ததற்கு நான் கூப்பிட, வதனியும் வந்தாள். இப்போது ஏழு பேர். பட்டறை இல்லை, சான்றிதழ் இல்லை. ஒருவர் தன் வேலையைக் காட்ட, மற்றவர்கள் எங்கே விளங்கவில்லை என்று தமிழில் சொல்கிறார்கள். முதல் மாதம் எல்லோரும் எல்லாவற்றையும் நல்லாயிருக்கு என்றார்கள். எனக்கு விசர் பிடிக்கும் போல் இருந்தது. இப்போது சண்டை பிடிக்கிறார்கள். அறை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறை. இடம் போதவில்லை. ஆகவே நான் சொன்னதும் சரிதான், அறை வேண்டும்.

இன்றைய படிவத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசித் திகதி. சனிக்கிழமை எல்லோரையும் கேட்டுத்தான் நிரப்பலாம், ஒரு வாரத் தவணை தாருங்கள் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன். மத்தியானம் பதில் வந்துவிட்டது. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அன்றைக்கு நாங்கள் இருவரும் அந்தச் சண்டை பிடித்தோம். ஒருவருக்குக்கூடத் தவணை கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன சனிக்கிழமை முதல் தடவையாக என் வேலையைக் காட்டினேன். இந்தத் தொழிலுக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் உமக்குக்கூடக் காட்டியதில்லை. வைத்தியரிடம் போட்ட பதிவை ரத்துச் செய்கிற திரை. ‘பதிவை ரத்துச் செய்யவா?’ என்று ஒரு கேள்வி, கீழே ‘சரி’, ‘ரத்து’ என்று இரண்டு பொத்தான்கள். வதனி குனிந்து பார்த்தாள்.

“அக்கா, இதிலை ரத்து எண்டதை அமத்தினா பதிவு ரத்தாகுமோ, இல்லாட்டி ரத்துச் செய்யிறது ரத்தாகுமோ?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆங்கிலத்தில் அப்படித்தான் இருக்கிறது, எல்லாச் செயலிகளிலும் அப்படித்தான், நிறுவனம் ஒப்புக்கொண்டது என்று நான் பொருமினேன். அவர்கள் போன பிறகும் இரண்டு நாள் மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். அவளோடு அல்ல, உம்மோடு. சமைக்கும்போது, குளிக்கும்போது, பஸ்ஸில் இருக்கும்போது. நீர் போன பிறகு என்னிடம் மிச்சமாக இருப்பது அந்த வாதாட்டம்தான், அதில் நான் ஒரு தரமும் வென்றதில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் வதனிக்கு அழைப்பு எடுத்து, அவள் சொன்னதுதான் சரி, மாற்றிவிட்டேன் என்றேன்.

“தெரியும் அக்கா,” என்றாள். “அடுத்தமுறை ரெண்டு நாள் எடுக்காமல் கெதியாச் சொல்லுங்கோ.”