மத்திய அரசு ரோடு

இபிலா
மே 12, 2001

அன்புள்ள அடகோலே அண்ணாவுக்கு,

ஓஜோமா எழுதுகிறேன். பள்ளியை விட்டு நின்றபின் எழுதிப் பழக்கமில்லை, பிழையிருந்தால் சிரிக்காதீர்கள். ஏனே அண்ணிக்கு எட்டாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது. பிரசவம் ஓடை தாண்டி ஒடுக்போ ஆஸ்பத்திரியில்தான் பார்க்கவேண்டும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஒரு நல்ல செய்தி. நம் ஓடைக்கு மாநில அரசு புதுப் பாலம் கட்டுகிறது. பழைய மரப்பாலத்தைப் பிரித்துவிட்டார்கள். ஆளுநர் படம் போட்ட பலகை மட்டும் பாலத்துக்கு முந்தியே எழுந்துவிட்டது! அண்ணி வேலையாட்களுக்கு இடித்த கிழங்கு கொண்டுபோகிறார். "சீக்கிரம் கட்டுங்கப்பா, இல்லேன்னா உங்க சிமென்ட் மூட்டை மேலயே பெத்துப்போடுவேன்" என்று விரட்டுகிறார்.

நீங்கள் கடிதம் போட்டு ரொம்ப நாளாகிறது.

உங்கள் தங்கை
ஓஜோமா


இபிலா
ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

வேலை நின்றுவிட்டது. அபுஜாவிலிருந்து மத்திய அரசு அதிகாரி வந்து பலகையைப் பிடுங்கச் சொன்னார். "இது மத்திய அரசு ரோடு. யாரைக் கேட்டு கை வச்சீங்க?"

மாநில இன்ஜினியரும் விடவில்லை. "நீங்களும் செய்யமாட்டீங்க, செய்யறவனையும் விடமாட்டீங்க!"

சாயங்காலமே எல்லோரும் போய்விட்டார்கள். இப்போது பழைய பாலமும் இல்லை, புதியதும் இல்லை.

அந்த அதிகாரியின் வண்டியை ஓட்டி வந்தது நீங்கள்தான் என்று அண்ணி சொன்னார். கிழங்குச் சட்டியோடு பக்கத்திலேயே நின்றாராம். நீங்கள் கண்ணாடியை இறக்கவில்லையாம். எனக்கு அழுகை வந்தது. அண்ணி சிரித்தார். "விடுடி, யூனிஃபார்ம் போட்டா உங்கண்ணனுக்குப் பெண்டாட்டி அடையாளம் தெரியாது." பிறகு சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

குறை சொல்லவில்லை அண்ணா. அந்த அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மழை தொடங்கிவிட்டது.

உங்கள் தங்கை
ஓஜோமா


அபுஜா
ஜூன் 14

அன்புத் தங்கைக்கு,

ஐயா வண்டியில் இருக்கும்போது டிரைவர் இறங்கிப் பேசக்கூடாது. உனக்கு இதெல்லாம் புரியாது. மாநிலம் இன்றைக்குப் பாலம் கட்டும், நாளைக்குச் செலவை எங்கள் அமைச்சகத்திடம் கேட்கும். பெயர் மட்டும் ஆளுநருக்கு. இப்போது முறைப்படி அனுமதி கேட்டிருக்கிறார்கள். கோப்பு ஐயா மேஜையில் இருக்கிறது. நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறேன். ஏனேயைக் கவலைப்படாமல் இருக்கச் சொல்.

அண்ணன்
அடகோலே


இபிலா
ஜூலை 22

அண்ணாவுக்கு,

அண்ணியின் அடக்கத்துக்கு வந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வலி கண்டதும் கதவைக் கழற்றி அண்ணியை அதில் படுக்கவைத்து, ஆண்கள் ஓடையில் இறங்கினார்கள். தண்ணீர் மார்பளவு. பாதியில் கால் ஊன்ற முடியாமல் திரும்பினார்கள். அக்கரையில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. பெண் குழந்தை இக்கரையில் பிறந்தது. அண்ணிக்கு ரத்தம் நிற்கவில்லை. என் கையைப் பிடித்து, "அவர்கிட்ட இதெல்லாம் சொல்லாத, வண்டி ஓட்டறவரு" என்றார்.

பாலத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக நேற்று ரேடியோவில் சொன்னார்கள்.

குழந்தையை அபுஜாவுக்கு அனுப்பச் சொல்லி ஆள்விட்டிருந்தீர்கள். அனுப்பமாட்டேன். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நின்று நானே சொன்னேன். நீங்கள் பார்க்க வரலாம். அப்பா யார் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். அன்றைக்கு ஏன் கண்ணாடியை இறக்கவில்லை என்று அவள் கேட்டால், அதை நீங்கள்தான் வந்து சொல்லவேண்டும்.

ஓஜோமா