அரிசி அக்காவின் பொங்கல் வாழ்த்து

உன் ஹெட்போனின் பஞ்சில் இன்னும் உன் தலையெண்ணெய் வாசனை இருக்கிறது. உன் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் இன்று காலை அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். மாட்டிக்கொள்ள மனம் வரவில்லையாம். வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பையைத் திறக்கும்போதெல்லாம் நீ பக்கத்தில் வந்து நின்றாய். உன்னை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்த நாம், நாற்பதை நெருங்கும்போது தஞ்சாவூர் புறவழிச் சாலையில் ஓர் அரிசிக் கம்பெனியில் மறுபடி சேர்ந்தோம். அரிசிப் பைக்குப் பெயர், படம், விளம்பரம் எல்லாம் என் பொறுப்பு. அரிசி வாங்கியவர்கள் போன் செய்தால் பேசுவது உன் பொறுப்பு. நம் மேசைகளுக்கு நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு, அவ்வளவுதான்.

சாதம் குழைகிறது என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். உனக்கு முன்பிருந்தவர் மன்னிப்புக் கேட்டுப் புகாரைப் பதிவு செய்துகொள்வார். நீ, "எத்தன தம்ளர் தண்ணி வச்சீங்க?" என்று ஆரம்பிப்பாய். "அது இந்த வருசத்துப் புது அரிசிங்க. பழசுக்கு வைக்கிற மாதிரி வச்சா கஞ்சிதான் வரும். தண்ணியக் கொறைங்க, நாளைக்கு நானே கூப்பிட்டுக் கேக்குறேன்" என்பாய். மறக்காமல் கூப்பிடவும் செய்வாய். சாதத்தில் தொடங்கும் பேச்சு மகளின் பிரசவம், மாமியாரின் முழங்கால் என்று எங்கெங்கோ போகும். யாரோ ஒருவர் உன்னை அரிசி அக்கா என்று கூப்பிட, அதுவே உன் பெயராகிவிட்டது.

பெரிய கம்பெனிகள் எவ்வளவோ செலவழித்து உண்டாக்கப் பார்க்கும் உறவு அது என்று எனக்குத் தெரியும். நான் படித்த படிப்பு அதற்குத்தான். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு உன் வாக்கியங்களைக் குறித்துக்கொண்டேன். அவற்றைச் செய்திகளாக்கி, "உங்கள் அரிசி அக்கா" என்று முடித்து, பிறந்தநாள், திருமணநாள், ஆடிப்பெருக்கு, தீபாவளி என்று எல்லாருடைய போனுக்கும் தானாகப் போகும்படி செய்தேன். யாராவது பதில் போட்டால் அதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. ஒவ்வொரு செய்தியையும் முதலில் உன் கணவரின் எண்ணுக்கு அனுப்பிச் சரிபார்ப்போம். நீ கொடுத்த எண்தான். "கட்டுனவருக்குக் கல்யாணநாள் வாழ்த்தக்கூட கம்பெனியே அனுப்பிடுது. எனக்கு வேல மிச்சம்டி" என்று சிரித்தாய்.

ஐப்பசியில் நீ விடுப்பு எடுத்தாய். என்னிடம் வயிற்று வலி என்று மட்டும் சொன்னாய். நீ இல்லாத வாரங்களிலும் செய்திகள் போய்க்கொண்டிருந்தன. வாடிக்கையாளர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று ஒரு கூட்டத்தில் பெருமையாகச் சொன்னேன். நம் வேலை அந்த அளவுக்குக் கச்சிதம் என்று எனக்கு நினைப்பு.

கார்த்திகை மழையில் நீ போய்விட்டாய். கம்பெனி பெயர் போட்ட பட்டையோடு ஒரு மலர்வளையம் கொண்டுவந்து உன் காலடியில் வைத்தோம். திரும்பும்போது காரில் சின்ன முதலாளி, "இப்போதைக்குக் கஸ்டமருக்குச் சொல்ல வேணாம்க்கா, பொங்கல் ஆர்டர் வர்ற நேரம்" என்றார். ஜன்னலுக்கு வெளியே வயலெல்லாம் ஒரே தண்ணீர். சரி என்றேன். அதைச் சொல்ல நான் யோசிக்கக்கூட இல்லை.

பொங்கலுக்கு மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருஷம் பண்டிகை கிடையாது. வெண்ணாற்றங்கரைத் தெரு முழுக்கக் கோலம் போட்டிருந்தார்கள், உன் வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது. உன் கணவர் நாற்காலியை எடுத்துப் போட்டார். பிறகு தன் போனை என்னிடம் நீட்டினார்.

பொங்கலன்று காலையில் உன் பெயரில் ஒரு செய்தி வந்திருந்தது. "பால் பொங்கிச்சா? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? உங்கள் அரிசி அக்கா." அதன் கீழே அவர் போட்ட பதில்: "இந்த வருசம் பொங்கல் இல்ல." அதற்கும் கீழே: "கேக்கவே சந்தோஷமா இருக்கு. குடும்பத்தோட நல்லா கொண்டாடுங்க."

அவருடைய எண்ணைப் பட்டியலிலிருந்து எடுக்க மறந்துவிட்டதையும், எல்லாம் தானாகப் போவதையும் அவசர அவசரமாக விளக்கினேன்.

"மிசின்னு தெரியுங்க. தெரிஞ்சுதான் பதில் போட்டேன்" என்றார். போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அவ பேசுற மாதிரியே இருக்கு" என்றார்.

அவர் திட்டியிருக்கலாம்.

மறுநாளே சின்ன முதலாளியிடம் சண்டை போட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் பொங்கல் ஆர்டர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகே வாயைத் திறந்தேன். அப்போது அவருக்கும் மறுக்கக் காரணம் இருக்கவில்லை. அறிவிப்பை நானே எழுதினேன். "காலமானார்" என்பதை அடித்துவிட்டு, "நம்மள விட்டுப் போயிட்டாங்க" என்று மாற்றினேன். நீ சிரிக்கிற படமாகத் தேடி எடுத்தேன். பெண்கள் சமையலை முடித்துப் போனைப் பார்க்கும் நேரம் பதினோரு மணி என்பது எனக்குத் தெரியும். பதினோரு மணிக்கே அனுப்பினேன். எந்த வரியில் அழுவார்கள் என்று நினைத்தேனோ அந்த வரியில் அழுதார்கள். "நல்ல ரெஸ்பான்ஸ்க்கா. இது மாதிரி மனசத் தொடுறதா மாசம் ஒன்னு போடலாம்" என்றார் சின்ன முதலாளி.

அன்று உன் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். பேராவூரணியிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். தென்னந்தோப்பும் பேரப்பிள்ளைகளுமாக இருப்பவர், நம்மிடம் பல வருஷமாக அரிசி வாங்குகிறவர். அவர் அழவில்லை.

"எப்ப தவறிப்போனாங்க?"

"கார்த்திகையிலங்க."

"அப்ப தைப் பொங்கலுக்கு என்னைய விசாரிச்சது யாரு?"

"நான்தாங்க" என்றேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். நீ அனுப்புகிறாய் என்று நம்பி ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் பதில் போட்டுக்கொண்டிருந்தாராம். துக்கம் கேட்கக்கூட விடாமல் தன்னைச் சிரிக்க வைத்துவிட்டீர்களே என்றார். கடைசியாக உன் வீட்டுக்கு வழி கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி வந்தார். பேருந்து நிலையத்திலிருந்து நான் கூட்டிக்கொண்டு போனேன். உன் படத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்து, உன் கணவரிடம் முறைப்படி துக்கம் விசாரித்தார். நீ அவரிடம் பேசியதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், "ஆடி மாசமே எங்கிட்ட சொல்லிச்சு தம்பி, வயித்துல கட்டி மாதிரி தட்டுப்படுதுன்னு" என்றார். "வீட்டுல சொன்னா பயந்துடுவாங்கன்னுச்சு. தொணைக்கு யாரையாச்சும் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன்னேன். கூட வேல பாக்குற ஃப்ரெண்டு ஒருத்தி இருக்கா, ஆனா அவ எப்பவும் வேலையாவே இருக்கா, எப்புடிக் கூப்புடுறதுன்னுச்சு."

யார் அந்தத் தோழி என்று அவர் கேட்கவில்லை. உன் கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த ஆடியில் எனக்கு என்ன வேலை இருந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது. நீ போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஒடம்ப எப்புடி வச்சிருக்கீங்க, வேளைக்குச் சாப்புடுறீங்களா?" என்று யாரையோ கேட்டாய். நல்ல வரி என்று எழுதி வைத்துக்கொண்டேன். அந்த வரி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு அதை அனுப்பியிருக்கிறேன். உன்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.