அத்தை காய்ச்சிய இலை

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, மற்றபடி ஒரு குறையுமில்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, அந்த வறட்டு இருமல் விட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் இதைப் படித்த பிறகாவது அப்படி இரு.

குளியலறைக் குழாயை அப்பா தானே சரிசெய்தார். இப்போது குழாய் ஒழுகவில்லை, சுவர் ஒழுகுகிறது. பஸ் ஓட்டிய கைக்குக் குழாய் ஒரு பெரிய விஷயமா என்றார், அடுத்த நாளே பிளம்பரைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. எதிர்வீட்டு டீச்சரம்மா உன்னைக் கேட்டார். உன் அலமாரியில் என் புடவைகளை அடுக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, வரும்போது எடுத்துவிடுகிறேன்.

போன தடவை போனில், அத்தைக்கும் உனக்கும் என்ன சண்டை, அப்பா ஏதேதோ இழுக்கிறார் என்று கேட்டாய். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சண்டையென்று இல்லை, ஆனால் நடுவில் நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்தது உண்மைதான். இப்போது எல்லாம் சரியாகிவிட்டதால் முழுதாகச் சொல்கிறேன். போனில் சொன்னால் நீ நடுநடுவே கேள்வி கேட்டு என்னைத் திசைதிருப்பிவிடுவாய்.

அத்தைக்குச் சர்க்கரை என்று உனக்குத் தெரியும். நீ ஊருக்குப் போவதற்கு முன்பே கால்வாய்க் கரையில் ஒரு கொடியின் இலையைப் பறித்துவந்து காய்ச்சிக் குடிக்க ஆரம்பித்திருந்தார். தையல் கடைக்கு வந்த யாரோ சொன்னது. சொன்னால் நம்பமாட்டாய், ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டரே நல்லா இருக்கே என்று மாத்திரையைக் குறைத்தார். அத்தை யாரையும் கேட்காமல் மீதியையும் நிறுத்திவிட்டார். அதோடு விட்டாரா, துணி தைக்க வருகிறவர்களுக்கெல்லாம் அளவெடுக்கும்போதே இலையைப் பற்றி எடுத்துச் சொல்லி, ஒரு கட்டு இலையும் கையில் கொடுத்து அனுப்பினார். பள்ளிக்கூடச் சீருடை தைக்கக் கொடுக்க வந்தவள் சர்க்கரை வைத்தியத்தோடு திரும்புவாள். உன் அப்பாவுக்கு அக்கா என்றால் உயிராயிற்றே. அக்கா இந்த வயசுல மேட்டுலயும் பள்ளத்துலயும் ஏறி இறங்கி இலை பறிக்கணுமா என்று, இரண்டு பெரிய தொட்டி வாங்கி, கொடியை வேரோடு கொண்டுவந்து அத்தை வீட்டுப் பின்பக்கமே வளர்த்துக் கொடுத்தார். கையை நீட்டினால் இலை.

இந்த வருட ஆரம்பத்தில் அத்தை துணி வெட்டும்போது கத்தரிக்கோல் பெருவிரலில் பட்டுவிட்டது. சின்னக் காயந்தான். ஆனால் ஆறவே இல்லை. கட்டுப்போட்ட விரலோடு கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாமல், வெட்டுகிற வேலையை வெளியே கொடுக்கவேண்டி வந்தது. அத்தைக்குத் துணியை வெட்டுவதுதான் தொழிலே, தைப்பதை யார் வேண்டுமானாலும் தைப்பார்கள் என்பார், உனக்குத் தெரியாததா. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. இப்படியே விட்டால் விரலே போய்விடும், மாத்திரையைத் திரும்ப ஆரம்பியுங்கள் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அத்தை என்னிடம், இலையில குத்தமில்லம்மா, தொட்டி மண்ணுல வீரியம் கொறஞ்சுபோச்சு, நீதான் செடியும் கொடியுமா அரைச்சுப் பாக்குறவளாச்சே, கால்வாய் இலையையும் தொட்டி இலையையும் எடுத்துட்டுப் போய்ச் சோதிச்சுச் சொல்லு, அதுக்கப்புறம் மாத்திரையப் பத்திப் பேசலாம் என்றார். அது வரைக்குமாவது மாத்திரை போடுங்க அண்ணி என்று கெஞ்சினேன். கேட்கவில்லை.

எனக்கும் உள்ளூர ஒரு ஆசை இருந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருடமாக வேர், பட்டை, பூ, கொட்டை என்று எத்தனையோ வந்துபோயிருக்கின்றன. அத்தை சொல்வதுபோலக் காட்டுச் செடிக்கும் தொட்டிச் செடிக்கும் சத்து மாறுவது உண்டு, அது கதையில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு நல்ல மூலிகை கிடைத்துவிட்டால் யாருக்குத்தான் கசக்கும்? இரண்டு இலையையும் நிழலில் உலர்த்திப் பொடித்துச் சாற்றை எடுக்க ஆரம்பித்தேன். நாங்கள் எரிசாராயத்தில் ஊறவைத்துத்தான் முதலில் சாறு எடுப்போம். அது தெரிந்ததும் அத்தை தன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நேரே ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். சாராயத்துல ஊறுன இலை என்னத்தச் சொல்லும், நான் காய்ச்சுற மாதிரி காய்ச்சணும் என்று எங்கள் மின்சார அடுப்பில் அவரே காய்ச்சினார். பக்குவம் பார்க்கக் கண்ணாடிக் குவளையை வாய்க்குக் கொண்டுபோனாரே பார்க்கணும், நாங்கள் சோடாபுட்டி என்று கூப்பிடுகிற என் கூட்டாளி ஐயையோ என்று பாய்ந்து பிடுங்கினார். முந்தின நாள் வரை அந்தக் குவளையில் என்ன இருந்தது என்று சொல்லியிருந்தால் அத்தை அங்கேயே மயங்கி விழுந்திருப்பார்.

சோதனை எப்படியென்று நீ சின்ன வயதில் கேட்பாய். நம் குடலில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிற நொதி ஒன்று இருக்கிறது. சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் அந்த நொதியையும் சாற்றையும், நொதி உடைத்தால் மஞ்சளாகிற ஒரு பொருளையும் விடுவோம். நொதி தடையில்லாமல் வேலை செய்தால் குழி மஞ்சளாகும். சாறு அதைத் தடுத்தால் தண்ணீர் மாதிரியே தெளிவாக நிற்கும். எந்தக் குழியில் எந்த இலை என்று எனக்கே தெரியக்கூடாது என்று சோடாபுட்டியிடம் சொல்லி நம்பர் போடச் சொன்னேன், சொந்தக்காரர் இலை என்றால் கண்ணுக்கும் பாசம் வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்கச் சர்க்கரை மாத்திரையைக் கரைத்து விட்ட குழி அப்படியே தெளிவாக நின்றது. வேறெங்கிருந்தோ வந்த ஒரு மரப்பட்டையின் குழியும் நன்றாகவே நின்றது. அத்தையின் இலை, கால்வாயுடையதும் சரி, தொட்டியுடையதும் சரி, அவரே காய்ச்சியதும் சரி, பளிச்சென்று மஞ்சள். தடுத்தது கொஞ்சமே கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தை நம்பினால் வாளி வாளியாகக் குடிக்கணும். திரும்பத் திரும்பச் செய்தேன். தசை அணுக்களை வளர்த்து, இலைச்சாறு பட்டால் அவை சர்க்கரையை அதிகமாக உள்ளே இழுக்கின்றனவா என்றும் பார்த்தேன். அதிலும் ஒன்றுமில்லை.

கடைக்குப் போய்ச் சொன்னேன். அண்ணி, ரெண்டு இலையும் ஒண்ணுதான், ரெண்டுலயும் ஒண்ணும் இல்ல, தயவுசெஞ்சு மாத்திரை போடுங்க என்றேன். அத்தை தையல் மெஷினை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டே, அப்போ எனக்குச் சர்க்கரை எறங்குனது பொய்யா, டாக்டரு குடுத்த ரிப்போர்ட்டும் பொய்யா, கல்யாணமாகி வந்த நாள்லருந்து எங்க வீட்டு ஆளுங்க சொல்றது எதுதான் உனக்கு எடுபட்டிருக்கு என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அத்தை நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்பா பாவம், அங்கே போனால் என்னைப் பற்றிய குறையைக் கேட்டு, இங்கே வந்தால் அக்காவைப் பற்றிய குறையைக் கேட்டு, இரண்டு பக்கமும் வாயைத் திறக்க முடியாமல் திண்டாடினார்.

ஆனால் அத்தை கேட்ட கேள்வி என்னை விடவில்லை. சர்க்கரை இறங்கியது பொய்யில்லையே. இலை செய்யவில்லையென்றால் எது செய்தது? ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது இதையே அப்பாவிடம் புலம்பினேன். முன்னாடியும் இதே இலை, இப்பவும் இதே இலை, மாத்திரைய நிறுத்துனதத் தவிர நடுவுல வேற என்னதான் மாறுச்சு என்றேன். அப்பா, தொட்டி வெச்சதத் தவிர வேற எதுவும் மாறலையே, முன்னெல்லாம் காலங்காத்தால கால்வாய்மேடு வரைக்கும் போய் வருவா, தொட்டி வந்ததுலருந்து அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கல என்று சொல்லிக்கொண்டே வந்தவர், வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிட்டார். நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தினமும் அவ்வளவு தூரம், மேடு வேறு, போகவும் வரவும் நடை. அதை நிறுத்தியது வேறு யாருமில்லை, நம் வீட்டு மகராசன்தான், அதுவும் பாசத்தால். அப்பா கையைக் கழுவிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன், வேணாம், இது நான் சொல்லவேண்டியது என்றார்.

என்ன பேசிக்கொண்டார்களோ, சாயங்காலம் அத்தை தனியாக வந்தார். எப்போதும் நேராகச் சமையலறைக்கு வருகிறவர் அன்று வாசலிலேயே நின்றார். இப்படி ஒரு தம்பிய வெச்சிருக்கேனே, எனக்கு எதிரி வெளிய வேணாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மெதுவாக, ஏம்மா, நடக்குறதுக்கும் உன் தட்டுல டெஸ்ட் இருக்கா என்று கேட்டார். இல்லை அண்ணி என்றேன். நடைதான் முழுக் காரணம் என்று நான் சத்தியம் பண்ணமுடியாது, அப்போது மாத்திரையும் கொஞ்சம் உள்ளே இருந்தது, அந்தக் கசப்பைக் குடித்ததில் சாப்பாடும் குறைந்திருக்கும், ஆனால் இலை இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம் என்று உள்ளதைச் சொன்னேன். அத்தை என் கையைப் பிடித்து, அன்னிக்கு நான் பேசுனத மனசுல வெச்சுக்காத என்றார். கட்டுப்போட்ட அந்த விரல் என் கையில் சூடாக இருந்தது. மறுநாளே மாத்திரை ஆரம்பித்தாயிற்று. புண் ஆறுகிற வரைக்கும் கவலைதான், ஆனால் ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது, விரல் இருக்கிறது. போன வாரம் ஒரு முழு வகுப்புக்கான சீருடையை அத்தையே தன் கையால் வெட்டினார்.

நான் உனக்குச் சொல்லவந்ததே இதற்கு மேல்தான். கை சரியானதும் அத்தை கடையை மூடிவிட்டு, இலை கொடுத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் ஒவ்வொன்றாக நடந்து போனார். நான் சொன்னது தப்பு, எங்க வீட்டுலயே சோதிச்சுப் பாத்தாச்சு, மாத்திரைய நிறுத்தியிருந்தா இன்னிக்கே டாக்டர்கிட்டப் போங்க என்று வாசலில் நின்று சொன்னார். சில பேர் சிரித்தார்களாம். ஒருத்தர், அப்போ தைக்கவாவது தெரியுமா என்று கேட்டாராம். அதையும் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார். வாடகை வண்டி ஓட்டுகிறவரின் மனைவி நிஜமாகவே மாத்திரையை நிறுத்திக் கண் மங்கலாகிக் கிடந்திருக்கிறாள். அத்தை அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்து, இவளக் கெடுத்தது நான்தான், திட்டுறதா இருந்தா என்னத் திட்டுங்க என்றாராம். அவள் பார்வை இப்போது தேறிவருகிறது. நான் தட்டில் பார்த்ததை ஆய்வுக்கூடத்தில் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். அந்த ஒவ்வொரு வாசலிலும் நின்று நான் தப்பு என்று சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்குமா, தெரியவில்லை.

இப்போது சாயங்காலத்தில் நானும் அத்தையும் சேர்ந்து நடக்கிறோம். இத்தனை வருடத்தில் நாங்கள் பேசாததையெல்லாம் பேசுகிறோம். உன் அப்பா சின்ன வயதில் பண்ணிய கூத்துகளைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார், அதையெல்லாம் நீ வரும்போது சொல்கிறேன், எழுதினால் அப்பா கடிதத்தைக் கிழித்துவிடுவார். அந்த மரப்பட்டையில் வேலை செய்கிற பொருள் எதுவென்று பிரித்துப் பார்க்கச் சொல்லி எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி மேடம் என்னிடமே கொடுத்திருக்கிறார். அது மருந்தாகும் ஆகாது என்று இப்போதே சொல்வதற்கில்லை, ஆனால் வேலைக்குப் போகும்போது மனது துள்ளுகிறது.

ஒன்றை மறக்காதே. உன் அப்பா வழியிலும் என் வழியிலும் சர்க்கரை இருக்கிறது. எனக்கு என்ன வயதாயிற்று என்று தட்டிக்கழிக்காமல் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு என்ன வந்தது என்று சொல்லு. நாள் முழுக்க நாற்காலியிலேயே உட்காராதே. அத்தைக்கு ஒரு போன் போடு, எனக்கு முன்னால் அவருக்குப் போடு. நீ நீண்ட ஆயுளோடு, நோய்நொடியில்லாமல், மனம்போல வாழவேண்டும். அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார், பிளம்பர் வந்ததை மட்டும் எழுதாதே என்றும் சொன்னார்.

அத்தை வாசலில் நின்று கூப்பிடுகிறார், இன்னும் செருப்பைத் தேடவில்லை நான். அவர் நடைக்கு ஈடுகொடுக்க எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா