வலது பெருவிரலுக்கு ஒரு வரி

நேற்று வங்கியில் என் விரல் ரேகை மெஷினில் விழவில்லை. நாலு முறை வைத்துப் பார்த்த அந்தப் பெண், மேசைக்குள்ளிருந்து பழைய மை டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்ததும் வந்த வாசனையோடு நீயும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய். மனு எழுதும் உன் பையில் எப்போதும் இருந்த டப்பாவின் வாசனை. அதனால்தான் இந்த மடல். நான் சொல்லச் சொல்ல ஜெராக்ஸ் கடைக்காரர் எழுதுகிறார். உன் கையெழுத்துபோல வராது, பொறுத்துக்கொள்.

நாலுவழிச் சாலைக்காகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்த வருடம் அது. விக்கிரவாண்டிப் பக்கம் நிற்க நிழலில்லை. அந்த வருடம்தான் திண்டிவனம் மல்லாட்டை மில்லில், கடலை உடைக்கும் மெஷினில், என் இடது கை மணிக்கட்டோடு போனது. முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். இனி வேலைக்கு வர வேண்டாம் என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார்.

இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிய கால்களோடு நீ பஸ் ஸ்டாண்டு வாசலில் மனு எழுதிக்கொண்டிருந்தாய். உள்ளே ஊனமுற்றோருக்கென்று ஒரு பெட்டிக்கடை ஒதுக்கியிருக்கிறார்கள், திங்கட்கிழமைதான் கடைசி நாள் என்று எனக்குச் சொன்னவன் நீ. மாற்றுத்திறனாளி என்ற சொல் அப்போது எங்கள் காதுக்கு வந்திருக்கவில்லை.

விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு மூன்று பேர் போனோம். நீ, நான், உதவித்தொகை கேட்க வந்த, பார்வையில்லாத செல்வமேரி. உன் மூன்று சக்கர வண்டியைத் திண்டிவனத்திலேயே சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, ஒற்றைக் கையால் உன்னைத் தாங்கி பஸ் ஏற்றினேன்.

"மூணு பேரையும் கூட்டுனாலும் ஒரு முழு ஆளு தேறமாட்டோம்டா" என்றாய்.

செல்வமேரி விடவில்லை. "உங்க வாய மட்டும் கூட்டுனா பத்து ஆளு தேறும்."

வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவன் நீ. மேசை நெருங்கியதும், "நீ முன்னால போ" என்று என்னைத் தள்ளிவிட்டாய். அதிகாரி என் மனுவில் ரேகை இருந்த இடத்தைப் பேனாவால் தட்டினார்.

"இது வலது கை ரேகை. ஆம்பளைங்க இடது கைதான் வைக்கணும். வேற எழுதிக்கினு வாங்க."

பெரிய ஆபீசுக்குப் போகிறோம், மரியாதையாக இருக்கட்டும் என்று மொண்டிக் கையைப் புதுத் துண்டால் மூடியிருந்தேன். எடுத்துக் காட்ட வெட்கம். நீதான் எட்டித் துண்டைப் பிடித்து இழுத்தாய்.

"சார், இடது கை இருந்தா இவன் எதுக்கு சார் இங்க வர்றான்?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். "அப்ப அத எழுதிக் குடுங்க."

தரையில் உட்கார்ந்து ரேகைக்குக் கீழே எழுதி, எனக்குப் படித்தும் காட்டினாய்: 'இடது கை இல்லாததால் வலது கைப் பெருவிரல் ரேகை.' மனு உள்ளே போனது. சில மாதத்தில் கடை என் பெயருக்கு வந்தது.

உனக்கென்று ஒரு மனு இருந்ததா என்று நான் கேட்கவேயில்லை. கடை வாசலில் உனக்கொரு நாற்காலி போட்டேன். நீ மனு எழுதினாய், நான் டீ போட்டேன். உனக்கு இடம் கொடுத்து வைத்திருக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது.

உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்த மறுவாரம் செல்வமேரி வந்தாள்.

"அண்ணே, அன்னிக்கு நீ மேசகிட்ட நின்னுக்கினு இருந்தப்ப, உன் கூட்டாளி ஒரு பேப்பர மடிச்சுத் திருப்பிப் பையில வச்சாரு. எனக்கு சத்தம் கேட்டுச்சு. பஸ்ல கேட்டேன். 'கடைக்கு நான் எழுதுன மனு மேரி. இருக்கறது ஒரு கடை. எனக்கு எழுதவாவது தெரியும், அவன் இன்னா பண்ணுவான்? சொல்லிடாத'ன்னாரு. இத்தினி வருசம் சொல்லல."

அன்று டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நேற்று அந்தப் பெண்ணும், "வலது கையா?" என்று தயங்கினாள். "கீழ ஒரு வரி எழுதிக்கம்மா" என்று உன் வரியைச் சொன்னேன். எழுத்தறியாத எனக்கு மனப்பாடமான ஒரே மனு அது. திங்கட்கிழமை மனு கொடுக்க விழுப்புரம் போகிறவர்கள் கடையில் நின்றால், துண்டை எடுத்துவிட்டுப் போகச் சொல்கிறேன்.

உன் நாற்காலி அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒருத்தியைத் தவிர யாரையும் அதில் உட்கார விடுவதில்லை. நீ காகிதம் மடித்த சத்தத்தைக் கேட்டவள், அன்று என்னோடு பஸ் ஏறியவர்களில் இன்னும் இருப்பவள், செல்வமேரி.