ஏழாம் விதியின் கல்

நவம்பர் 3, திங்கள். கா. 7.20. மூடுபனி, தூறல்.

நான், சி. ஞானசேகரன், வயது ஐம்பது, கரடியூர்ச் சாலை எஸ்டேட் பங்களாவின் மேலாளர். இந்த ஏட்டில் வழக்கமாக மழையும் விருந்தினர் வருகையும் மட்டுமே. இன்று முதல் ஒரு சேதத்தைப் பற்றி, நடந்த வரிசையிலேயே எழுத உத்தேசம். பின்னாளில் நினைவு எனக்குச் சாதகமாகத் திரிந்துவிடக் கூடாது.

சேதம்: கூடத்து வெள்ளைச் சலவைக்கல் மேசை. நேற்று விருந்தினர் குழம்பைக் கொட்டினர். துப்புரவுப் பணியாளர் பழனியம்மா எலுமிச்சை மூடியால் தேய்த்திருக்கிறார். மஞ்சள் போயிற்று. உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பும் போயிற்று. தடவினால் சொரசொரப்பு.

துப்புரவு மருந்துப் பாட்டில்களின் வாடை வேண்டாம் என்று சேலத்திலிருந்து முதலாளியம்மா சொன்னதால், ஜூனில் நானே எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிய தாள், 'துப்புரவு விதிகள்':

1. பித்தளை: புளி, உப்பு.
2. கண்ணாடி: வினிகர் கலந்த நீர், பழைய செய்தித்தாள்.
3. கோப்பையில் காபிக் கறை: ஆப்ப சோடா.
4. தொட்டி அடைப்பு: ஆப்ப சோடா, வினிகர், பிறகு வெந்நீர்.
5. அலமாரியில் ஈர வாடை: துணி முடிச்சில் அடுப்புக்கரி.
6. மஞ்சள் கறை: எலுமிச்சை.
7. சலவைக்கல்லில் எலுமிச்சை, புளி, வினிகர் படவே கூடாது.

இதைவிடத் தெளிவாக எழுத இயலுமா?

"ஏழாம் விதியைப் படித்தீர்களா?"

"படிச்சேனுங்க சார். அத ஒருநாளும் மீறுனதில்லீங்க."

கண்ணெதிரே மேசை. வாயில் இந்தப் பதில். பொய் என்று கொண்டேன்.

பி.ப. 4.00. முதலாளியம்மாவுக்குத் தொலைபேசி. என் வாசகம், சொல் மாறாமல்: "விதியைத் தெரிந்தே மீறியிருக்கிறார்." மேசை அவர் தாயார் வைத்திருந்தது. அவர் பதில்: "கல்லு போனாப் போகுது, பொய் சொல்றவங்க ஆகாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பிருங்க."

நவம்பர் 4, செவ்வாய். மழை. படுக்கை விரிப்பு எதுவும் காயவில்லை.

கா. 9.00. பழனியம்மாவிடம் அறிவித்தேன்.

"ஊடும் காலி பண்ணோணுங்களா சார்?"

பங்களாவின் பின்னறையில் மகளோடு குடியிருப்பு. மகள் ஏற்காட்டில் பிளஸ் டூ.

"ஆம்."

"புள்ளைக்கு மார்ச்சுல பரீட்சைங்க."

"ஞாயிறு மாலை வரை அவகாசம் உண்டு" என்றேன். என் குரல் எனக்கே அறிவிப்புப் பலகை போல.

அழவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கண்ணாடி துடைக்கப் போனார். விதி 2. செய்தித்தாள், வினிகர், எல்லாம் முறைப்படி.

மாலை. சமையற்காரர் ராசப்பன் காபியை வைத்தார். சர்க்கரை இல்லை. கேட்டேன்.

"எத்தன கரண்டின்னு விதியில காணமுங்களே சார்."

நவம்பர் 5, புதன். முற்பகல் ஒரு மணி நேரம் வெயில்.

இதை எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

கா. 11 சுமார். பொருளறைச் சன்னல். வெளியே, துணி துவைக்கும் கல்லருகே பேச்சு.

"ஏனுங்க ராசண்ணா, பிழிஞ்ச பழத்த அந்தக் கல்லு மேல வெக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது!"

"துணி அடிக்கற கல்லுக்கு என்ன அம்மிணி இத்தன கவுரவம்? மாலை ஏதாச்சும் போடோணுமா?"

"வெளையாடாதீங்க. ஏழாவதுல சார் எழுதியிருக்காருல்ல. சலவைக்கல்லுல எலுமிச்சம்பழம் படக் கூடாதுன்னு."

"அந்தாளுதான் உன்னயத் தொரத்துறாரு. நீ இன்னும் அவரு எழுதுனதக் காவல் காக்கற."

"ஞாயித்துக்கிழம வரைக்கும் வேல என்னுதுதானுங்க."

சலவை. துணி வெளுப்பது. சலவைக்கல். துணி துவைக்கும் கல்.

அவர் விதியை மீறவில்லை. ஐந்து மாதமாகக் கொல்லைக் கல்லை எலுமிச்சை படாமல் காத்திருக்கிறார். கூடத்து மேசை அவருக்கு மார்பிள். மார்பிளைப் பற்றித் தாளில் ஒரு சொல்லும் இல்லை. மஞ்சள் கறைக்கு எலுமிச்சை: விதி 6. அதன்படியே செய்தார்.



நவம்பர் 6, வியாழன். பனி, எதிர் மரம் தெரியவில்லை.

இன்றும் சொல்லவில்லை. காரணங்கள் தேடினேன். அகராதியில் என் பொருள் இருக்கிறது. அவர் பொருளும் சொல்லிலேயே இருக்கிறது.

ஆப்ப சோடாவைக் குழைத்து மேசையில் பூசினேன், யாரும் இல்லாத நேரம் பார்த்து. பயன் இல்லை. கறை என்றால் போகும். இது கல் அரித்த இடம்.

இரண்டு ஞாபகங்கள், ஒளிக்காமல்:

தாளை ஒட்டிய அன்று ராசப்பன், "இங்கிலீசு பேருலயும் போட்டுருங்க சார், எல்லாத்துக்கும் வெளங்கும்." நான், "தமிழில் சொல் இருக்கும்போது எதற்கு?"

அதே வாரம் பழனியம்மா, "அந்தக் கல்லுக்கு எலுமிச்சம்பழம் பட்டா என்னாகுமுங்க சார்?" கணினியிலிருந்து தலை தூக்காமல் நான், "விதி என்றால் விதி." ஒரு நிமிடம் எழுந்துபோய் எந்தக் கல் என்று காட்டியிருந்தால் போதும்.

உண்மையைச் சொன்னால் முதலாளியம்மாவின் 'பொய் சொல்றவங்க ஆகாது' என் பக்கம் திரும்பலாம். பதினோரு ஆண்டு வேலை. இந்தக் கணக்கைத்தான் நாள் முழுதும் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 7, வெள்ளி. கா. 8.15. தூறல் நின்றது.

பழனியம்மா வந்தார். பின்னறையில் பாத்திரங்கள் சாக்கில் கட்டியாயிற்றாம்.

"வேற பங்களாவுல காட்டறதுக்கு ஒரு லெட்டர் வேணுங்க சார். பொய்க்காரின்னு மட்டும் எழுதிப்போடாதீங்க. நொம்பப் புண்ணியமாப் போகும்."

தாள் எடுத்தேன். 'எழுதிக் கொடுத்த விதிகளைப் பிழையின்றிப் பின்பற்றுபவர்' என்ற வரிவரை வந்து பேனா நின்றது. இந்த வரி உண்மை. அப்படியானால் திங்கட்கிழமை நான் சொன்னது?

"லெட்டர் வேண்டாம். சாக்கை அவிழுங்கள்" என்றேன். புரியாமல் நின்றார். அப்போதும் முழுக்கச் சொல்லவில்லை. முதலில் சொல்ல வேண்டிய இடம் வேறு.

இப்போது 8.50. ஒன்பது மணிக்கு முதலாளியம்மாவை அழைப்பேன். 'தெரிந்தே மீறினார்' என்பது தவறு, பொய்யும் அவருடையதல்ல, புதன் முதல் எனக்குத் தெரியும், என்று இந்த வரிசையிலேயே சொல்வேன். அவர் என்னை அனுப்பினாலும் சரி. பிறகு பழனியம்மாவைக் கூடத்துக்கு அழைத்து, மேசையைத் தொட்டுக் காட்டி, மன்னிப்புக் கேட்பேன். ராசப்பனும் இருக்கட்டும். ஏழாம் விதியை அடித்து, பெரிய எழுத்தில், மார்பிள் என்று எழுதுவேன்.