இரண்டாவது புகைபோக்கியில் புகை

கப்ரொவோ
நவம்பர் 23

அன்பு மகள் ரலீத்ஸாவுக்கு, உன் சித்தப்பா ஸ்தாமென் எழுதுவது. நான் இரும்பாக இருக்கிறேன், நார்வேக் குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். உன் பூனை மிமாவும் சுகம் என்று எழுத ஆசை, ஆனால் முந்தாநாள்வரை அப்படி எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும், பொய் எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். பதறாமல் கடைசிவரை படி.

நாலு வருஷத்துக்கு முன்னால் பஸ் கிளம்பிய பிறகும் ஜன்னலில் தலையை நீட்டி, "சித்தப்பா, மிமாவுக்கு இன்னொரு பூனைன்னா ஆகவே ஆகாது, மறந்துடாதீங்க" என்று நீ கத்தியதை நான் மறக்கவில்லை. ஆனால் போன வாரம் எதிர்வீட்டு ஸ்லாத்தினா கையில் ஒரு மொட்டைவால் பூனையோடு வந்து நின்று, "அண்ணே, ஒரு பூனை படுத்தா ஒரு காலுதான் சூடாகும். ரெண்டு பூனைன்னா ரெண்டு காலும் சூடாகும், விறகு மிச்சம் பாருங்க" என்றாள். இதற்கு எதிர்ப்பேச்சுப் பேசும் ஆள் நம்மூரில் இன்னும் பிறக்கவில்லை. வாங்கிக்கொண்டேன். அப்போதே எனக்குச் சந்தேகம்தான். உப்பு கேட்டால் கருங்கடலுக்கு வழி சொல்பவள் ஒரு முழுப் பூனையைச் சும்மா கொடுப்பாளா? அவள் வீட்டுத் தீனிச் செலவை என் தலையில் கட்டிவிட்டாள். அந்தப் பூனையும் லேசுப்பட்டதில்லை, பகலெல்லாம் என் வீட்டில் தின்றுவிட்டு, மீசையில் அவள் வீட்டுக் குழம்பு வாசனையோடு திரும்புகிறது. போதாததற்கு, பூனை நுழைந்ததும் கதவைச் சட்டென்று சாத்திச் சூட்டைக் காப்பாற்ற நான்தான் வாலை நறுக்கிவிட்டேன் என்று தெருவே கிசுகிசுக்கிறது. நம்மூர்க்காரர்களின் கஞ்சத்தனத்தைப் பற்றித் தலைநகரத்துச் சோஃபியாக்காரன் சொல்லும் பழைய கேலியை நம்மூர்க்காரனே நம்புகிறான், பார்த்துக்கொள்.

பூனை டாக்டரம்மா முன்பே சொன்னாள், "ரெண்டு வாரம் தனித்தனி ரூம்ல வையுங்க, கதவுக்கு ரெண்டு பக்கமும் சாப்பாடு வையுங்க, முதல்ல வாசனை பழகட்டும், மூஞ்சியை அப்புறம் பாத்துக்கட்டும்" என்று. ஏழாம் வகுப்புவரைதான் படித்திருந்தாலும் பட்டாளத்தில் கரடியையும் கோவேறு கழுதையையும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கவைத்த எனக்கு அவள் பாடம் எடுக்கிறாள். மேலும் இரண்டு அறை என்றால் இரண்டு அடுப்பு. குளிர்காலத்தில் கப்ரொவோக்காரன் எவனாவது இரண்டு அடுப்பு எரிப்பானா? சமையலறையில் மட்டும் மூட்டி, முதல் நாளே இரண்டையும் அங்கேயே விட்டேன். அப்புறம் நடந்தது போர். திரை கிழிந்தது, ஊறுகாய் ஜாடி உடைந்தது, ஓடுகள் எழும்பி உட்கார்ந்தன. மிமா உன் அறைக்கு ஓடி அலமாரி உச்சியில் ஏறிக்கொண்டாள். அங்கே மூச்சு விட்டால் புகையாக வரும் குளிர். மூன்று நாள், ரலீத்ஸா, கோழி ஈரலைக்கூட மோந்து பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினாலு வயதுக் கிழவி. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "இன்னும் ஒரு நாள் போனா பிழைக்கமாட்டா. உங்க வீறாப்பெல்லாம் இருக்கட்டும், முதல்ல அந்த ரூம்ல அடுப்பை மூட்டுங்க" என்று எரிந்து விழுந்தாள்.

மூட்டினேன். நீ போனதிலிருந்து அதில் ஒரு குச்சிகூட எரிந்ததில்லை. புகைக்குழாயிலிருந்து ஏழு காக்கைக் குடும்பங்களைக் காலி செய்தேன். உன் பச்சை ஸ்வெட்டரை அடுப்புப் பக்கத்தில் விரித்துவிட்டு, பார்க்காதது மாதிரி உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் மிமா இறங்கி வந்தாள், ஸ்வெட்டரை மோந்தாள், பிறகு ஈரல் முழுவதையும் தின்றாள். இன்று காலையில் கதவின் கீழ் இடுக்கில் இந்தப் பக்கம் ஒரு பாதம், அந்தப் பக்கம் ஒரு பாதம். சண்டையா சமாதானமா என்று புரியவில்லை, எனக்கு எதிராகச் சதியோ என்றும் தோன்றுகிறது.

ஆனால் நம் வீட்டு இரண்டாவது புகைபோக்கியில் புகை வருவதைத் தெருவே பார்த்துவிட்டது. ஸ்லாத்தினா சீஸ் வைத்துச் சுட்ட சூடான பனித்ஸாத் தட்டோடு ஓடிவந்து, "எங்கண்ணே அவ? ரலீத்ஸா வந்துட்டாளா? நீங்களாவது வேற யாருக்காவது அந்த அடுப்பை மூட்டுறதாவது!" என்றாள். ஒரு பூனைக்காக விறகு எரிக்கிறேன் என்று சொன்னால் நான் இந்த ஊரில் தலை காட்ட முடியுமா? "வழியில இருக்கா" என்று சொல்லிவிட்டேன். தட்டையும் வாங்கிக்கொண்டேன்.

ஸ்லாத்தினாவோ சந்தேகப் பிராணி, நீ வழியில் இருக்கிறாய் என்பதைக் கிறிஸ்துமஸுக்கு மேல் நம்பமாட்டாள். உனக்கு எல்லாம் நல்லபடி நடக்கட்டும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. வரும்போது பெரிய பெட்டி வேண்டாம். அறை சூடாகத்தான் இருக்கிறது.

ஆசிகளுடன்,
பொய்யே பேசாத உன் சித்தப்பா,
ஸ்தாமென்